விண்மீன் ஒளியும் காபன் பந்தும்

விளக்குச் சிமினியின் உட்புறத்திலே படியும் புகைக்கரியை மதிப்பார் யாருமில்லை. துணியினால் துடைத்தெறிவதே இல்லங்களில் அதற்குக் கிடைக்கும் மரியாதை. ஆயினும், அக்கரியை ஆக்கியிருப்பது காபன் என்னும் மூலகமே என்பதையும், அரசர் முடியில் ஒளிரும் வைரத்தை ஆக்கியிருப்பதும் அதே காபன்தான் என்பதையும் பாடசாலைச் சிறுவரும் அறிவர். தூய காபன் இயற்கையில் இரு வடிவிற் காணப்படுகின்றது. ஒன்று வைரம், மற்றையது போகலைச் சுரங்கத்திலிருந்து இலங்கைத் தொழிலாளர் தோண்டியெடுக்கும் காரீயம் என்றே பாடநூல்கள் நெடுங்காலமாகக் கூறிவந்தன. அந்தக் கணக்கிலே ஒன்று விடுபட்டிருந்தது என்பதை 1985ஆம் ஆண்டிலே கண்டறிந்த சிலருள் ஒருவர் ஹரல்ட் குரோட்டோ என்னும் பிரித்தானிய இரசாயனவியலாளர்.

அவருடைய வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. காபனின் புதிய வடிவம் எதையும் அவர் தேடிப் போகவில்லை. விண்மீன்களின் அருகே எவ்வகை மூலக்கூறுகள் மிதக்கின்றன என்பதே அவர் எழுப்பிய வினா. அது சந்தையிலே விலைபோகும் வினா அன்று. எந்தத் தொழிற்சாலைக்கும் உடனே உதவும் வினாவும் அன்று. ஆயினும் அந்த வினாவை அவர் பல்லாண்டுகள் கைவிடாது பற்றிநின்றார். அவ்வாறு பற்றிநின்றமையால் விளைந்தவை யாவை என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் நன்று.

குரோட்டோ 1939ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆம் திகதி இங்கிலாந்தின் விஸ்பீச் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் பேர்ளின் நகரத்தவர். தந்தையார் யூத மரபினர். ஹிட்லரின் கொடுங்கோன்மைக்குத் தப்பி, கையில் எதுவுமின்றி இங்கிலாந்தை வந்தடைந்த அகதிகளுள் அவர்களும் அடங்குவர். போர் மூண்டபோது, ஜேர்மனியிலிருந்து வந்தவர் என்ற காரணத்தால் தந்தையார் மான் தீவிலே தடுத்துவைக்கப்பட்டார். தாயும் மகனும் போல்ற்றன் என்னும் ஆலை நகரிலே குடியேறினர். போர் ஓய்ந்தபின் தந்தையார் கருவி செய்யும் தொழிலைக் கற்று, 1955இலே பலூன்களை ஆக்கி அவற்றில் எழுத்தும் படமும் அச்சிடும் சிறு தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். குரோட்டோஷினர் என்னும் நீண்ட குடும்பப் பெயர் குரோட்டோ எனச் சுருங்கியதும் அவ்வாண்டிலேயே. விடுமுறை நாட்களிலே மகனும் அத்தொழிற்சாலையிற் பணிபுரிந்தார். இயந்திரம் பழுதுபட்டால் அதைப் பிரித்துப் பார்த்துத் திருத்துவது முதலாகச் சாயம் கலப்பது வரை அங்கே அவர் கைப்பழக்கமாகக் கற்றவை பிற்காலத்தில் ஆய்வுகூடத்திலே கைகொடுத்தன.

போல்ற்றன் பாடசாலையிலே இரசாயனம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் ஊக்குவிப்பினால் அவர் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தை நாடினார். 1961இலே இளமாணிப் பட்டமும் 1964இலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். விஞ்ஞானத்திலே வல்லவரான அவ்விளைஞருக்குச் சித்திரத்திலும் வடிவமைப்பிலும் தீராத காதல் இருந்தது. நூல் அட்டை வடிவமைப்புப் போட்டி ஒன்றிலே அவர் 1964இல் பரிசும் பெற்றவர். 1967ஆம் ஆண்டு சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே ஆசிரியப் பதவி ஏற்றபோது, ஐந்தாண்டு முயன்று பார்ப்பது, ஆராய்ச்சி கைகூடாவிடின் வடிவமைப்புத் தொழிலுக்கே திரும்பிவிடுவது என்று தமக்குள்ளே தவணை வகுத்துக்கொண்டார். அத்தவணை கடந்த பின்னரும் அவர் சசெக்ஸை விட்டு நீங்கவில்லை.

அவர் தேர்ந்துகொண்ட துறை நிறமாலையியல். பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. அடுப்பு நெருப்பிலே சிறிது கறியுப்பைத் தூவினால் சுவாலை மஞ்சள் நிறமாகின்றது. உப்பிலுள்ள சோடியம் தன் வரவை அந்நிறத்தினால் அறிவிக்கின்றது. இவ்வாறே ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய ஒளியை வெளியிடுகின்றது. அல்லது தன்னூடு செல்லும் ஒளியிலிருந்து தனக்கே உரிய பகுதியைக் கவர்ந்துகொள்கின்றது. ஒளியை அரியத்தினால் விரித்து நோக்கினால், அப்பகுதிகள் கோடுகளாகத் தோன்றும். ஒரு மனிதனின் கைரேகை மற்றவனுக்கு அமையாதது போல, ஒரு பொருளின் கோடுகள் மற்றொன்றுக்கு அமையா. 1868இலே சூரிய ஒளியிற் காணப்பட்ட ஒரு மஞ்சட் கோட்டைக் கொண்டே ஈலியம் என்னும் மூலகம் உண்டென ஊகித்தனர். அதே ஈலியம் பூமியிலே கைக்கு அகப்பட்டது 1895இலேயே. பொருளைத் தொடாமலே, பல கோடி மைலுக்கு அப்பாலிருந்தவாறே அதன் பெயரைச் சொல்லவல்ல கலை இது.

மூலக்கூறுகளின் நிறமாலை இன்னும் நுட்பமானது. மூலக்கூறு அசையாத பொருள் அன்று. அது சுழல்கின்றது, அதிர்கின்றது. சுழற்சிக்கும் அதிர்வுக்கும் அளவு உண்டு. சுழலும் மூலக்கூறு குறிப்பிட்ட அலைநீளங்களிலே மட்டும் வானொலி அலைகளை வெளியிடும். வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பும் நேயருக்கு இஃது எளிதில் விளங்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி அலைவரிசை உண்டு. முள் அவ்விடத்தில் நின்றாலன்றி அந்நிலையத்தின் குரல் கேளாது. மூலக்கூறுகளும் அத்தகைய ஒலிபரப்பு நிலையங்களே. எந்த மூலக்கூறு எந்த அலைவரிசையிற் பேசும் என்பதை ஆய்வுகூடத்திலே முதலில் அளந்துகொண்டால், வானத்தை நோக்கி நிற்கும் பெரிய வானொலித் தொலைநோக்கியை அவ்விடத்திலே திருப்பி, அந்த மூலக்கூறு அங்கே உண்டா இல்லையா என்று தீர்ப்புக் கூறலாம்.

சசெக்ஸிலே குரோட்டோ செய்ததும் அதுவே. முன்னர் எவரும் ஆக்கியிராத பல மூலக்கூறுகளை, சிறப்பாகக் காபனும் பொசுபரசும் இரட்டைப் பிணைப்பினால் இணைந்தவற்றைத் தம் சகாக்களுடன் ஆக்கி அவற்றின் கோடுகளை அளந்தார். பின்னர் அவருடைய உள்ளம் நீண்ட காபன் சங்கிலிகளின்பாற் சென்றது. ஐந்து காபன் அணுக்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒருபுறம் ஐதரசனும் மறுபுறம் நைதரசனும் பூட்டப்பட்ட மூலக்கூறு ஒன்றை, டேவிட் வோல்ற்றன் என்னும் சகாவின் துணையுடன், பட்டப்படிப்பு மாணவரான அந்தனி அலெக்சாந்தர் ஆக்கி அளந்தார். 1975இலே கனடாவின் அல்கோங்குயின் பூங்காவிலுள்ள 46 மீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி, ஏறக்குறைய 2.8 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் நிறுத்தப்பட்டது. தக்கேஷி ஓக்கா முதலிய கனடிய ஆய்வாளர் குரோட்டோவுடன் இம்முயற்சியிலே கைகோத்தனர். பால்வீதியின் மையத்தருகே, ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள முகிலொன்றிலிருந்து அந்த மூலக்கூறின் குரல் தெளிவாகக் கேட்டது.

ஐந்துக்குப் பின் ஏழு, ஏழுக்குப் பின் ஒன்பது என, மேலும் நீண்ட சங்கிலிகளும் அடுத்துவந்த ஆண்டுகளிலே விண்வெளியிற் காணப்பட்டன. விண்வெளியிலே அத்துணைப் பெரிய மூலக்கூறுகள் இருத்தல் கூடுமென அதுவரை எவரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே அணுக்கள் மிகமிக அரிதாகவே ஒன்றையொன்று சந்திக்கும். அவ்வாறிருக்க, ஒன்பது காபன் அணுக்கள் வரிசையாகச் சேர்ந்தது எங்ஙனம்? முதுமையுற்றுப் பருத்துச் சிவந்த விண்மீன்கள் சில காபனை மிகுதியாக உமிழ்கின்றன; அவற்றின் வெப்பமிக்க சூழலிலேதான் இச்சங்கிலிகள் உருவாகின்றன என்பது குரோட்டோவின் ஊகம். ஊகத்தை நிறுவுவதற்கு, விண்மீனின் சூழலை ஆய்வுகூடத்திலே படைத்துக் காட்டவேண்டும். அதற்கான கருவி சசெக்ஸில் இல்லை.

அக்கருவி ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே இருந்தது. அங்குள்ள றைஸ் பல்கலைக்கழகத்திலே றிச்சாட் ஸ்மோலி என்னும் இரசாயனவியலாளர் அணுக்கொத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தனியணு ஒருபுறம், கையில் எடுக்கத்தக்க திண்மம் மறுபுறம். இவற்றினிடையே நாலைந்து அணு முதல் நூறு அணு வரை கூடிநிற்கும் நிலையே கொத்து. அது வாயுவும் அன்று, திண்மமும் அன்று. அதன் இயல்பு இரண்டினதும் இயல்பிலிருந்து வேறுபட்டது. கொத்துகளை அளப்பதிலே உள்ள இடர் யாதெனில், அவை சூடாக இருக்கும்போது எண்ணற்ற வகையிற் சுழன்றும் அதிர்ந்தும் தம் கோடுகளையெல்லாம் குழப்பிவிடுவதாகும். சந்தை இரைச்சலிலே ஒருவர் பேசுவதைப் பிரித்தறிய முடியாமை போன்றது அது.

ஸ்மோலி இளமையிலே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் லெனட் வாட்டன், டொனல்ட் லெவி என்போருடன் சேர்ந்து இவ்விடரைத் தீர்க்கும் வழியொன்றைப் பயன்படுத்தியவர். துவிச்சக்கர வண்டியின் சில்லிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால் அது குளிர்ந்து வெளிவருதலை யாவரும் அறிவர். அவ்வாறே, அமுக்கப்பட்ட ஈலியத்திலே மூலக்கூறுகளைக் கலந்து, சிறு துளையினூடு வெற்றிடத்துள் பாயவிட்டால், அவை நொடிப்பொழுதிலே தனிப்பூச்சியத்துக்குச் சில பாகையே மேற்பட்ட கடுங்குளிரை அடைந்துவிடும். அப்போது இரைச்சல் அடங்கும்; கோடுகள் தெளியும். ஹூஸ்டனிலே ஸ்மோலி இதனுடன் லேசர் ஒளிக்கற்றையையும் சேர்த்தார். எத்துணைக் கடினமான பொருளையும் லேசர் பல்லாயிரம் பாகை வெப்பத்திலே ஆவியாக்கும். ஈலியம் அவ்வாவியை அள்ளிச் செல்லும். ஆவியிலிருந்த அணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அக்கொத்துகள் மின்னேற்றப்பட்டு ஒரு குழாயினூடு ஓட்டப்படும். இலேசானது முந்தியும் பாரமானது பிந்தியும் மறுமுனையைச் சேர்வதால், ஓடிவந்த நேரமே திணிவைச் சொல்லிவிடும்.

1984ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் காலத்தையொட்டி டெக்சஸுக்குச் சென்ற குரோட்டோவுக்கு, றைஸ் பல்கலைக்கழகத்தின் மற்றுமோர் ஆய்வாளரும் அவருடைய நண்பருமான றொபேட் கேள் இக்கருவியைக் காட்டுவித்தார். கண்டவுடனே குரோட்டோவின் உள்ளத்தில் எழுந்த எண்ணம், இதிலே காரீயத்தை வைத்து ஆவியாக்கினால் விண்மீனின் சூழலே இங்கு வந்துவிடும் என்பதாகும். ஸ்மோலியின் குழுவினர் அப்போது சிலிக்கன் முதலிய பொருள்களின் கொத்துகளில் ஈடுபட்டிருந்தனர். காரீயத்துக்கு முறை வர ஓராண்டுக்கு மேலாயிற்று. 1985 ஆகஸ்ட் மாதத்திலே கேளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. குரோட்டோ சில நாட்களுக்குள் ஹூஸ்டனை அடைந்தார்.

செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே பரிசோதனைகள் ஆரம்பமாயின. ஜேம்ஸ் ஹீத், ஷோன் ஓபிரையன், யுவான் லியு என்னும் ஆராய்ச்சி மாணவர்கள் இயந்திரத்தை இயக்கினர். குரோட்டோ எதிர்பார்த்த சங்கிலிகள் எதிர்பார்த்தவாறே தோன்றின. விண்மீனைப் பற்றிய அவருடைய ஊகத்துக்கு அது போதிய ஆதரவாயிற்று. ஆனால், அவர் கேளாத விடையொன்றும் உடன் வந்தது. திணிவு வரைபடத்திலே 720 என்னும் இடத்தில் ஒரு கோடு மற்றையவற்றுக்கு மேலாக ஓங்கி நின்றது. காபன் அணுவொன்றின் திணிவு 12. எனவே அது சரியாக 60 அணுக்கள் கொண்ட கொத்து. அதனருகே 840இலே, 70 அணுக்களின் கொத்து சிறிய துணைவன் போல நின்றது. ஈலியத்தின் அமுக்கத்தையும் நேரத்தையும் மாற்ற மாற்ற, 60இன் கோடு மேலும் உயர்ந்து, ஏனையவை ஏறக்குறைய மறைந்தன.

இதே கோட்டை ஓராண்டுக்கு முன் எக்ஸன் நிறுவனத்தின் ஆய்வாளரும் தமது வரைபடத்திலே வெளியிட்டிருந்தனர். அவர்களுடைய வரைபடத்தில் அஃது அத்துணை ஓங்கி நிற்கவில்லை. அதனால் அதைத் தனித்து ஆராயவேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை. ஹூஸ்டனில் இருந்தவர்களோ, 59 இல்லை, 61 இல்லை, 60 மட்டும் இவ்வாறு நிற்பது ஏன் என்று கேட்டனர். அறிவின் வரலாற்றிலே காண்டலுக்கும் கண்டுபிடித்தலுக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் இவ்வொரு கேள்வியின் தூரமே.

காரீயம் அறுகோணங்களாலான தகடு. தகட்டைக் கிழித்தால் ஓரங்களிலுள்ள அணுக்கள் துணையற்று நிற்கும். எதனுடனும் பிணையத் துடிக்கும். 60 அணுவுள்ள இக்கொத்து அவ்வாறு பிணையாது அமைதியாக இருந்தமையால், அதற்கு ஓரமே இல்லை என்று கொள்ளவேண்டும். ஓரமில்லாத தகடு எது? சுருண்டு தன்னைத் தானே மூடிக்கொண்ட தகடு. 1967இலே கனடாவின் மொன்றியல் நகரத்து உலகக் கண்காட்சியிலே பக்மின்ஸ்டர் புளர் என்னும் கட்டட அமைப்பாளர் எழுப்பிய மாபெரும் கோளக்கூண்டு குரோட்டோவின் நினைவில் இருந்தது. தம் பிள்ளைகளுக்காகக் கடதாசி மட்டையினால் அவர் செய்துகொடுத்த வான்கோள உருவில் அறுகோணங்களுடன் ஐங்கோணங்களும் இருந்தமையும் நினைவுக்கு வந்தது. ஹீத் இனிப்புருண்டைகளையும் பற்குச்சிகளையும் கொண்டு உருவமைக்க முயன்றார். இறுதியாக, ஓர் இரவு ஸ்மோலி தம் வீட்டிலே கடதாசியை வெட்டி ஒட்டி, 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் சேர்ந்த குறையற்ற கோளம் ஒன்றை அமைத்தார். 12 ஐங்கோணங்களுக்கு மூலைகள் ஐந்தைந்தாக அறுபது. மூலைக்கு ஓர் அணு. கணிதத் துறைக்குத் தொலைபேசியில் வினவியபோது, அது உதைபந்தின் உருவமே என்ற விடை வந்தது. உலகெங்கும் சிறுவர் உதைத்து விளையாடும் பந்தின் தையல் எவ்வாறு அமைந்துள்ளதோ, அவ்வாறே இயற்கையும் காபனைத் தைத்து வைத்திருந்தது. மில்லிமீற்றர் ஒன்றைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கினும் அதன் விட்டம் குறைவு.

1985 நவம்பர் 14ஆம் திகதி 'நேச்சர்' இதழிலே வெளியான கட்டுரையில் அம்மூலக்கூறுக்குப் பக்மின்ஸ்டர்புளரீன் என்று பெயர் சூட்டப்பட்டது. அழகிய பெயர், அழகிய உருவம். ஆனால் அழகு நிரூபணம் ஆகாதன்றோ? கையில் இருந்தது திணிவு மட்டுமே. 60 அணுக்கள் உள்ளன என்று அது கூறும்; அவை பந்தாக நிற்கின்றன என்று கூறாது. கருவியினுள் தோன்றிய கொத்துகள் கண்ணுக்குப் புலப்படாத அளவின. குப்பியிலே இட்டு இதுதான் பொருள் என்று காட்டவியலாது. ஐயுற்றோர் பலர். அவர்களுடைய ஐயத்திலே நியாயமும் இருந்தது.

நிறமாலையியலாளர் என்ற முறையிலே குரோட்டோவுக்கு எந்தச் சான்று வேண்டும் என்பது நன்கு தெரியும். கருக் காந்தப் பரிவு என்னும் முறையிலே ஒரு மூலக்கூறின் காபன் அணுக்களை ஆராய்ந்தால், வெவ்வேறு சூழலிலே நிற்கும் அணுக்கள் வெவ்வேறு கோடுகளைத் தரும். பந்திலே ஒவ்வோர் அணுவும் மற்றையவற்றைப் போலவே நிற்கின்றது. முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் இல்லை. ஆகவே 60 அணுக்களும் சேர்ந்து ஒரே ஒரு கோட்டையே தரவேண்டும். அந்த ஒற்றைக் கோட்டைக் காண்பதே அவருடைய நோக்கமாயிற்று. 1986இலே சசெக்ஸில் கரிக்கோல்களை மின்வில்லினால் ஆவியாக்கும் கருவி ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அம்முயற்சியைத் தொடரப் பொருளுதவி கிட்டவில்லை. கருவி ஒதுக்கி வைக்கப்பட்டது.

இதற்கிடையில், ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலே வொல்ப்காங் கிறேச்மரும், அமெரிக்காவின் அரிசோனாவிலே டொனல்ட் ஹப்மனும் விண்வெளித் தூசியை அறிவதற்காகப் புகைக்கரியை ஆராய்ந்து வந்தனர். 60 அணுவுள்ள மூலக்கூறு 174 வகையில் அதிரவல்லது. ஆயினும் பந்தின் சமச்சீர் காரணமாக, செந்நிறக் கீழ்க்கதிர்களிலே நான்கு கோடுகள் மட்டுமே தோன்றவேண்டும் என்று கணிதம் கூறியது. மத்தளத்தைப் பார்க்காமலே அதன் ஓசையால் அது மத்தளம் என்று அறிவது போல, இந்நான்கு கோடுகளும் பந்தின் ஓசை. கிறேச்மர் குழுவினர் தம் கரியிலே அந்நான்கு கோடுகளும் மங்கலாகத் தோன்றுவதை 1989இலே அறிவித்தனர். செய்தி சசெக்ஸை எட்டியதும், ஒதுக்கி வைத்திருந்த பழைய கருவி மீண்டும் வெளியே வந்தது. ஜொனதன் ஹேர் என்னும் ஆராய்ச்சி மாணவர் கரியைத் திரட்டினார். 1990 ஆகஸ்ட் மாதத்திலே அக்கரியைப் பென்சீன் திரவத்திலிட்டு வைத்தபோது, திரவம் செந்நிறமாயிற்று. கரியிலிருந்து ஏதோ கரைந்து வந்துவிட்டது. ஐந்தாண்டுக் கனவு குப்பியினுள்ளே சிவந்து நின்றது.

அந்நிலையிலே, அதே மாதத்தில், 'நேச்சர்' இதழிலிருந்து குரோட்டோவுக்குத் தொலைபேசி வந்தது. வெளியீட்டுக்கு வந்துள்ள கட்டுரையொன்றை மதிப்பிட்டுத் தரவேண்டும் என்பது வேண்டுகோள். கட்டுரை கிறேச்மர், ஹப்மன் குழுவினருடையது. அவர்களும் கரியைப் பென்சீனிலே கரைத்திருந்தனர். செந்நிறத் திரவத்தைப் பெற்றிருந்தனர். அதற்கும் மேலே சென்று பளிங்குகளாக உறையச் செய்து, அவற்றின் அமைப்பையும் அளந்திருந்தனர். சசெக்ஸ் ஆய்வாளர் சில நாட்களாலே பின்தங்கிவிட்டனர் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது.

விஞ்ஞான உலகிலே முதலிடம் என்பது சிறு பொருள் அன்று. புகழும் பதவியும் அடுத்த ஆராய்ச்சிக்கான பொருளுதவியும் பெரும்பாலும் அதனையே சார்ந்துள்ளன. போட்டியாளரின் கட்டுரையைக் கையிலே வைத்திருப்பவர் குறை காணவும் தாமதப்படுத்தவும் இடமுண்டு. குரோட்டோ அவ்வாறு செய்யவில்லை. கட்டுரையைத் தாமதமின்றி வெளியிடுமாறு இதழுக்குப் பரிந்துரைத்ததோடு, கிறேச்மருக்குத் தம் பாராட்டையும் தெரிவித்தார். அக்கட்டுரை 1990 செப்டெம்பர் 27ஆம் திகதி வெளிவந்தது. விஞ்ஞானம் மெய்யை நாடும் தொழில் என்று மேடையிலே கூறுதல் எளிது. தன் நட்டத்திலே அதனை நிலைநாட்டுவதே அரிது.

ஆயினும் ஒன்று எஞ்சியிருந்தது. அக்கட்டுரையிலே கருக் காந்தப் பரிவின் சான்று இல்லை. அவர் ஐந்தாண்டுகளாகக் காத்திருந்த ஒற்றைக் கோடு இன்னும் எவராலும் காணப்படவில்லை. சசெக்ஸிலே றோஜர் டெயிலர் என்னும் இரசாயனவியலாளர் செந்நிறத் திரவத்தை நிரல்பிரிப்பு முறையினாலே இரண்டாகப் பிரித்தார். ஒன்று ஊதா கலந்த சிவப்பு; அதுவே 60. மற்றையது ஆழ்ந்த சிவப்பு, அதுவே 70. முதலாவதைப் பரிவுமானியில் வைத்தபோது ஒரே ஒரு கோடு தோன்றியது. இரண்டாவது ஐந்து கோடுகளைத் தந்தது. 70 அணுக்கள் நீண்ட பந்தாக நிற்குமாயின் ஐந்து வகைச் சூழலே அதில் அமையும். இரு சான்றும் ஒன்றையொன்று தாங்கின. பந்து பந்துதான் என்பதிலே அதன்பின் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1991இலே பொற்றாசியம் கலந்த காபன் பந்துகள் கடுங்குளிரிலே மின்தடையை முற்றாக இழத்தல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா குழாய் வடிவக் காபனைப் பற்றி வெளியிட்ட கட்டுரை மற்றுமொரு துறையைத் தழைக்கச் செய்தது. 1996ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கேள், குரோட்டோ, ஸ்மோலி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. மூவருக்கு மேல் அப்பரிசு பகிரப்படுவதில்லை. ஆதலால், இரவு பகலாக இயந்திரத்தின் அருகே நின்ற மாணவர்களின் பெயர்கள் பரிசிலே இடம்பெறவில்லை. ஆயினும் கண்டுபிடிப்பின் வரலாற்றிலே அவை அழியாதுள்ளன. ஸ்மோலி 2005இலும், கேள் 2022இலும் காலமாயினர்.

பரிசு கிடைத்த பின்னும் குரோட்டோவிடம் ஆசிரியர் மறைந்துவிடவில்லை. 1995இலே அவர் வேகா விஞ்ஞான நம்பிக்கை நிதியம் என்னும் அமைப்பை நிறுவி, விஞ்ஞானிகளின் விரிவுரைகளையும் உரையாடல்களையும் படமாக்கி ஒளிபரப்பச் செய்தார். புகழ்பெற்றோரின் முகத்தையும் குரலையும் எளிய மாணவரும் காணவும் கேட்கவும் வேண்டும் என்பது அவர் விருப்பம். பல நாடுகளிலே சிறுவரைக் கூட்டி, அவர்கள் தம் கைகளாலேயே காபன் பந்தின் உருவை அமைக்கச் செய்தார். 2004இலே அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றும் இப்பணியைத் தொடர்ந்தார்.

அவர் முதலில் எழுப்பிய வினா என்னவாயிற்று? விண்மீனின் அருகே இப்பந்து உண்டா? அவ்வினாவுக்கான விடை நெடுங்காலம் வரவில்லை. 2010ஆம் ஆண்டிலே, ஸ்பிற்சர் விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த ஒளியை ஆராய்ந்த ஜான் கமி முதலியோர், முதிர்ந்த விண்மீனொன்று உதிர்த்த வாயுமுகிலிலே காபன் பந்தின் அதே நான்கு கோடுகளையும் கண்டனர். இன்னொரு புதிரும் இருந்தது. விண்மீன்களிலிருந்து வரும் ஒளியை இடைவெளியிலுள்ள ஏதோவொரு பொருள் கவர்ந்துகொள்வதால் உண்டாகும் மங்கற் பட்டைகளை 1919இலேயே மேரி லீ ஹேகர் என்னும் பெண்மணி லிக் வானாய்வுகூடத்திலே கவனித்தார். பின்னர் அத்தகைய பட்டைகள் நூற்றுக்கணக்கிலே கண்டறியப்பட்டன. அவற்றை ஆக்குவது எது என்று எவராலும் கூறமுடியவில்லை. மின்னேற்றம் பெற்ற காபன் பந்து அவற்றுட் சிலவற்றுக்குக் காரணமாகலாம் என்று 1980களின் பிற்பகுதியிலேயே குரோட்டோ கருதினார். 1994இலே பெர்னாட் புவாங், பஸ்கால் ஏரன்பிறொயின்ட் என்போர் அதற்குப் பொருந்தும் இரு பட்டைகளைக் கண்டனர். ஆனால் ஆய்வுகூடத்தின் அளவை திட்டமாக அமையவில்லை. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே ஜோன் மயர் குழுவினர் மின்னேற்றப்பட்ட பந்துகளைத் தனிப்பூச்சியத்துக்கு ஆறு பாகை அளவிலே குளிர்வித்து அளந்து, 2015 யூலை மாதத்திலே அவ்விரு பட்டைகளும் காபன் பந்துக்கே உரியவை என்று நிறுவினர். ஏறக்குறைய நூற்றாண்டுப் புதிரிலே ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி குரோட்டோ தமது 76ஆவது வயதிலே காலமானார். தம் முதல் வினாவுக்கு விடை கிடைத்ததைக் கண்ட பின்னரே அவர் கண்மூடினார்.

இதனால் பயன் என்ன என்று மாணவர் ஒருவர் கேட்கும்போது, உடனே எடுத்துக்காட்டக்கூடிய பயன்கள் எல்லாப் பாடத்துக்கும் இருப்பதில்லை. பயனைக் காட்டமுடியாத வினாக்களை அடக்கிவிடுதல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பொருளுதவி வழங்குவோருக்கும் எளிதான செயல். குரோட்டோ விண்மீனின் சங்கிலிகளைப் பற்றிக் கேட்டிராவிடின், ஹூஸ்டனிலிருந்த இயந்திரத்திலே அந்தச் செப்டெம்பர் மாதம் காரீயம் வைக்கப்பட்டிராது. அவ்வினாவைப் பொறுமையுடன் வளரவிட்ட ஒரு பல்கலைக்கழகமும், கேட்டவருக்குத் தம் கருவியைத் திறந்துவிட்ட நண்பரும், கரியை நாள்தோறும் சுரண்டியெடுத்த மாணவரும் சேர்ந்தபோதே விடை பிறந்தது. அகதிகளாக வந்த பெற்றோரின் மகன் ஒருவனுக்கு ஒரு நாடு பாடசாலைக் கதவையும் பல்கலைக்கழகக் கதவையும் திறந்துவைத்தமை அதற்கெல்லாம் முந்தியது. நாளைய வினாவை எந்தப் பிள்ளை கேட்கும் என்பதை முன்கூட்டி அறிதல் எவருக்கும் இயலாது. ஆதலின் வகுப்பிலே கையுயர்த்தும் எந்தப் பிள்ளையையும் அமர்ந்திரு என்று சொல்லுமுன் சற்றுப் பொறுத்துக் கேட்டல் தகும்.